வீட்டு வாசலோடு நின்ற சுகாதாரம்

2024 டிசம்பர் முதல் வாரம். பல்லாவரம் கன்டோன்மென்ட் பகுதியிலும் அதை ஒட்டிய மலைமேடு, காமராஜர் நகர் தெருக்களிலும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மூன்று பேர் இறந்துபோனார்கள். குழாய்த் தண்ணீரில் சாக்கடை கலந்துவிட்டது என்றார்கள் தெருக்காரர்கள். தண்ணீர்தான் காரணம் என்று இப்போதே சொல்லிவிட முடியாது, சாப்பாடாகவும் இருக்கலாம் என்றது அரசுத் தரப்பு. தண்ணீர் மாதிரிகள் கிண்டி கிங் ஆய்வகத்துக்குப் போயின. தொலைக்காட்சிக்காரர்கள் வந்தார்கள், கட்சிக்காரர்கள் வந்தார்கள், பிளீச்சிங் பவுடர் வந்தது.

சற்றுத் தள்ளி, பம்மலில் இருக்கும் நாம் என்ன செய்தோம்? கேன் தண்ணீர்க்காரருக்கு போன் போட்டு, "இன்னைக்கு ரெண்டு கேன் சேர்த்துப் போட்டுடுங்க" என்றோம். கேன் வந்து இறங்கியதும் கவலையும் இறங்கிவிட்டது. நம் குழாயில் வருவது எப்படி இருக்கிறது, அதை யார் சோதிக்கிறார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று வார்டு அலுவலகத்தில் போய்க் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அனகாபுத்தூர், பொழிச்சலூர், திருநீர்மலை, நாகல்கேணி சூழ வாழும் நாம் கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் செய்துவந்தது இதைத்தான். ஆளுக்கொரு பாதுகாப்பை விலைக்கு வாங்கினோம். எல்லோருக்குமான பாதுகாப்பைக் கைவிட்டோம். மாநகராட்சியைத் திட்ட ஆயிரம் காரணம் உண்டு. அதைத் தினமும் செய்கிறோம், குறையில்லாமல் செய்கிறோம். இங்கே நம் கணக்கை மட்டும் பார்ப்போம்.

மறந்துபோன பாடம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலராவும் அம்மையும் காசமும் மலேரியாவும் மெட்ராஸில் வருஷம் தவறாத விருந்தாளிகள். அன்றைய அரசு ஏழைகளின் மேல் இரக்கப்பட்டு வேலையில் இறங்கியதாகச் சொல்ல முடியாது. படைவீரர்களின் உடல்நலமும் வியாபாரமும்தான் அதன் முதல் கவலை. பரங்கிமலை, பல்லாவரம் கன்டோன்மென்டில் பட்டாளத்துச் சுகாதாரம் கறாராக இருந்ததற்கு அதுவே காரணம். ஆனாலும் அந்தக் காலத்து மருத்துவர்களும் பொறியாளர்களும் ஒன்றைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஒரு தெருவில் காலரா இருக்கும்வரை அடுத்த தெருவில் எவ்வளவு பெரிய பங்களா கட்டினாலும் பயனில்லை.

தெரிந்துகொண்டதைச் செயலாக்கவும் செய்தார்கள். மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டபிள்யூ.ஜி. கிங்கின் பெயர் தாங்கிய கிண்டி ஆய்வகம் 1905இல் செயல்படத் தொடங்கியது. அம்மை குத்துவதற்கான பாலைத் தயாரித்து மாகாணமெங்கும் அனுப்புவது அதன் தொடக்க காலப் பணி. 1914இல் பொறியாளர் ஜே.டபிள்யூ. மேட்லியின் திட்டப்படி கீழ்ப்பாக்கத்தில் நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தது. செங்குன்றம் ஏரித் தண்ணீர் மணல் வடிகட்டிகளின் வழியே இறங்கி, அதன்பின் நகரக் குழாய்களுக்குள் போனது. 1922இல் பொது சுகாதாரத்துக்கென்று தனி இயக்குநரகம் உருவானது. ஆஸ்பத்திரி நடத்துவது ஒரு வேலை, நோய் வராமல் தடுப்பது இன்னொரு வேலை என்ற தெளிவு அதில் இருந்தது. இந்தப் பிரிவினை தமிழ்நாட்டின் தனிச் சிறப்பு என்று மற்ற மாநிலத்தார் இன்றும் சொல்வதுண்டு.

1939இல் மெட்ராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. ராஜாஜி அமைச்சரவையில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் சுகாதாரத்தைக் கவனித்த காலம் அது. இந்தியாவில் இப்படி முழுமையான ஒரு சட்டம் அதுவே முதல். குடிநீர், சாக்கடை, கொசு, தொற்றுநோயைத் தெரிவிக்கும் கடமை, விடுதிகள், திருவிழாக் கூட்டம் என்று ஊர் வாழ்க்கையின் ஒவ்வொரு மூலையையும் அது தொட்டது. இன்றும் நடப்பில் இருக்கிறது. 2020இல் இதே சட்டத்தைத் திருத்தித்தான் முகக்கவசம் போடாதவருக்கு 200 ரூபாய், பொது இடத்தில் துப்பியவருக்கு 500 ரூபாய் என்று அபராதம் விதித்தார்கள். அப்போது நாம் துப்பாமல் இருந்தோம். அபராதம் ஓய்ந்ததும் பம்மல் மெயின் ரோட்டுக்கு எச்சில் திரும்பி வந்துவிட்டது. சட்டத்துக்கு வயது எண்பதைத் தாண்டியும், அதன் முதல் வரி நம் மண்டையில் ஏறவில்லை.

நகரத்தின் புழக்கடை

அந்தக் கீழ்ப்பாக்கம் தண்ணீர் பம்மலுக்கு வரவில்லை. பம்மல் அப்போது செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். மெட்ராஸ் தனக்கு வேண்டாததையும் ஆபத்தானதையும் தெற்கே தள்ளிவைத்தது. நாம் அதன் புழக்கடையாக இருந்தோம். ஜி.ஏ. சேம்பர்ஸின் குரோம் லெதர் கம்பெனி இந்தப் பக்கம்தான் வந்தது. அடுத்தடுத்துத் தோல் பதனிடும் தொட்டிகள் பல்லாவரம், பம்மல், நாகல்கேணி எங்கும் பெருகின. சுண்ணாம்பில் ஊறிய தோலின் மயிரும் கொழுப்பும், உப்பும், பிறகு குரோமியமும் கலந்த கழிவு நீர் பல பத்தாண்டுகள் வாய்க்காலிலும் தாழ்ந்த நிலத்திலும் ஓடி மண்ணுக்குள் இறங்கியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வந்தது 1990களின் நடுவில்தான். அதற்குள் நிலத்தடி நீர் கெட்டுவிட்டது.

நகரம் நமக்குச் செய்த அநியாயம் இது என்று சொல்வோம். சொல்லலாம். ஆனால் நம் பங்கு அடுத்த கட்டத்தில் இருக்கிறது. நகரம் நம்மை வைத்த இடத்தில் நாம் நாகல்கேணியை வைத்தோம். தொட்டிகளில் வேலை பார்த்தவர்கள் வாழ்ந்த குடிசைகளும் லைன் வீடுகளும் அங்கே. அவர்களின் கிணறு முதலில் கெட்டது, பிறகுதான் நம்முடையது. அவர்களின் கிணறு கெட்டபோது, "அந்தப் பக்கம் தண்ணி சரியில்லை, இந்தப் பக்கம் மனை பாருங்க" என்று சொல்லி வீட்டுமனை விற்றோம், வாங்கினோம். மாசுக்கு எதிராகப் பேசியவர்களை நாம் வெறும் செய்தியாகப் படித்தோம். நம் கிணற்றிலும் நிறம் மாறியபோது போர் போட்டோம். போரும் உப்பான பிறகு, பாலாற்றுக் குழாய்க்கும் லாரிக்கும் கேனுக்கும் ஆர்.ஓ. எந்திரத்துக்கும் மாறினோம். ஒவ்வொரு மாற்றத்தையும் காசுள்ளவன் முதலில் செய்தான். காசில்லாதவன் கடைசிவரை கெட்ட தண்ணீரோடு நின்றான்.

குரோமியத்தால் வருவது தொற்றுநோய் அல்ல என்று ஒருவர் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த கிணறு போனதால்தான் ஊர் முழுக்க ஒரே குழாயை நம்ப வேண்டி வந்தது. அந்தக் குழாயில் கிருமி ஏறும் வழியையும் நாமேதான் திறந்துவிட்டோம்.

மோட்டார் போடும் கை

நம் ஊரில் குழாய்த் தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் வருவதில்லை. ஒரு நாள் விட்டோ, சில நாள் விட்டோ, ஒன்றிரண்டு மணி நேரம் வரும். வராத நேரத்தில் குழாய் வெறுமையாகக் கிடக்கும். உள்ளே அழுத்தம் இல்லை. குழாயின் இணைப்பில் பொடி விரிசல் இருந்து, வெளியே சாக்கடை தேங்கி நின்றால், அந்தச் சாக்கடை உள்ளே கசியும். தண்ணீர் திறந்ததும் முதலில் வந்து விழுவது அதுதான். முதல் ஐந்து நிமிடத் தண்ணீரைக் கொட்டிவிடு என்று வீட்டுப் பெண்கள் அனுபவத்தில் கண்டறிந்தது சரியான விஞ்ஞானம்.

கசிவை மேலும் மோசமாக்குவது நம் மோட்டார். குழாய் இணைப்பிலேயே நேராக மோட்டாரைப் பொருத்தி, தெருக்குழாயில் வரும் தண்ணீரை உறிஞ்சி சம்புக்கு ஏற்றுகிறோம். சட்டப்படி குற்றம். மாநகராட்சி ஆட்கள் வந்தால் கழற்றி வைக்கிறோம், போனதும் மாட்டுகிறோம். ஒரு தெருவில் நாற்பது வீட்டு மோட்டார்கள் ஒரே நேரத்தில் இழுக்கும்போது குழாய்க்குள் உறிஞ்சும் விசை உண்டாகிறது. அந்த விசை மேட்டுத் தெருவுக்குப் போகவேண்டிய தண்ணீரை மட்டும் இழுப்பதில்லை. விரிசல் வழியாக வெளியே நிற்கும் சாக்கடையையும் சேர்த்து இழுக்கிறது. கடைக்கோடியில் மோட்டார் வாங்க முடியாத வீட்டின் குடத்தில் அது விழுகிறது. அடுத்த வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மாரியாத்தாளையும் மாநகராட்சியையும் சேர்த்துக் குறைசொல்கிறோம்.

வெளியே நிற்கும் சாக்கடையும் வானத்திலிருந்து விழவில்லை. இங்குள்ள பல தெருக்கள் பாதாளச் சாக்கடை வருமுன்பே அடுக்குமாடிகளால் நிரம்பின. செப்டிக் டேங்க் நிறைந்தால் லாரி கூப்பிட வேண்டும், லாரிக்குக் காசு. ஆகவே நிறைந்து வழிவதை ராத்திரியில் மழைநீர் வடிகாலுக்குத் திருப்பிவிட ஒரு குழாய். குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர், சமையலறைத் தண்ணீருக்கு இன்னொரு குழாய். மழை பெய்தால் வடிகால் நிறைந்து வீட்டு வாசலுக்கு அதே தண்ணீர் ஏறிவருகிறது. கூப்பிட்ட லாரியும் எங்கே போய்க் கொட்டுகிறது என்று நாம் கேட்டதில்லை. நம் வாசலைத் தாண்டிப் போனால் போதும். அடையாற்றின் கரையில் அது கொட்டப்படுவதைப் பார்த்திருக்கிறோம். 2015 டிசம்பரில் அந்த ஆறு பொங்கி அனகாபுத்தூர்ப் பக்கம் வீடுகளுக்குள் புகுந்தபோது கொண்டுவந்ததில் நாம் கொடுத்ததும் இருந்தது.

சானடோரியத்தைக் கடந்துபோகும் ரயில்

பம்மல் என்றதும் நாடகத் தந்தை சம்பந்த முதலியாரின் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நிற்கிறோம். நிற்கவேண்டியதுதான். ஆனால் டாக்டர் டேவிட் சவுரிமுத்து யார் என்று நம்மில் எத்தனை பேரைக் கேட்டால் பதில் வரும்?

இங்கிலாந்தின் சாமர்செட்டில் மெண்டிப் குன்றுகளில் காசநோயாளிகளுக்கான சானடோரியம் நடத்திய தமிழர் அவர். கணிதமேதை ராமானுஜன் 1914இல் கப்பலேறியபோது அவரும் உடன் பயணித்தார். பின்னர் ராமானுஜன் நோயுற்றபோது சவுரிமுத்துவின் சானடோரியத்திலும் சிலகாலம் சிகிச்சை பெற்றார். 1920இல் சேத்துப்பட்டில் ராமானுஜன் இறந்தபோது காசநோய் என்றே எல்லோரும் நம்பினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த டி.ஏ.பி. யங், அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்று எழுதினார். அதுவும் கெட்ட தண்ணீராலும் அசுத்தத்தாலும் பரவுகிற நோய்தான்.

ஊர் திரும்பிய சவுரிமுத்து 1928இல் தாம்பரத்தில் சுமார் 250 ஏக்கரில் சானடோரியத்தைத் தொடங்கினார். காசத்துக்கு மருந்தே இல்லாத காலம். திறந்த வெளி, சுத்தமான காற்று, நல்ல உணவு, ஓய்வு, இவ்வளவுதான் சிகிச்சை. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. பம்மலிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. அங்கே நடந்த ஆய்வின் முடிவு 1959இல் வெளிவந்தது. சென்னையின் நெருக்கமான ஏழை வீடுகளிலேயே இருந்து, சரியாக மாத்திரை சாப்பிட்ட நோயாளிகள் சானடோரியத்தில் படுத்துக் கிடந்தவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்தார்கள். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையை மாற்றிய முடிவு இது. சானடோரியங்களின் காலம் அதோடு முடியத் தொடங்கியது. மருத்துவமனைச் சுவருக்குள் இருந்த பொறுப்பு வீட்டுக்கும் தெருவுக்கும் வந்தது.

தெரு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளிப் பரிசோதனை என்று சுவரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நாம் மெடிக்கல் ஷாப்பில் இருமல் மருந்தும் நாலு நாள் மாத்திரையும் வாங்குகிறோம். நோய் உறுதியானாலும் அக்கம்பக்கத்தில் சொல்வதில்லை. பெண்ணுக்கு என்றால் வீட்டுக்குள்ளேயே சொல்வதில்லை. இரண்டு மாதத்தில் உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறோம். மருந்துக்கு அடங்காத காசம் அங்கிருந்துதான் பிறக்கிறது. 2012 முதல் தனியார் மருத்துவர்களும் ஒவ்வொரு காசநோயாளியையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. "டாக்டர், பேரு மட்டும் எழுதாதீங்க" என்று கெஞ்சுகிறவர்களும் நாமே. வாடகைக்கு இருப்பவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்தால், பையன் ஊரிலிருந்து வருகிறான், வீடு வேண்டும் என்று காரணம் சொல்லிக் காலி செய்யச் சொல்கிறோம்.

மருந்து வந்தபின் உணவை மறந்தோம். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு ஒன்று, நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்தான ரேஷன் கொடுத்தாலே அந்த வீட்டில் புதிதாகக் காசம் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. சவுரிமுத்து காலத்துச் சாப்பாட்டு வைத்தியம் இன்றைய அளவுகோலிலும் தேறிவிட்டது. தமிழ்நாடு 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும், நோய் கண்ட அன்றே மிக மெலிந்தவர்களையும் மூச்சுத்திணறுபவர்களையும் கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கிறது. மத்திய அரசு நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்துவந்தது. 2024 நவம்பரில் 1,000 ஆக்கியது. இன்றைய விலைவாசியில் முட்டைக்கும் பருப்புக்கும் அது எவ்வளவு நாள் வரும் என்று குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். நோயாளிக்கு உணவுப்பை கொடுக்க யார் வேண்டுமானாலும் முன்வரலாம் என்று ஒரு திட்டமும் இருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கும் ஆடித் திருவிழாக் கூழுக்கும் வீடுவீடாக வசூலிக்கிற நம் நகர்நலச் சங்கங்கள், நாகல்கேணியில் ஒரே அறையில் ஆறேழு பேராகத் தங்கி உழைக்கிற வெளிமாநிலத் தொழிலாளிக்கு ஒரு பை அரிசி பருப்பு வசூலித்ததுண்டா?

எய்ட்ஸ் வந்தபோதும் நாம் இப்படியே இருந்தோம். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் சேர்ந்து கண்டறிந்தார்கள். நாட்டின் பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகளை விரட்டிய நாட்களில், 1993 முதல் தாம்பரம் மருத்துவமனை அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 2004 ஏப்ரலில் இலவசக் கூட்டு மருந்து தரத் தொடங்கிய முதல் சில மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. ஆந்திராவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அந்த மருத்துவமனையால் நாம் பெருமைப்பட்டிருக்க வேண்டும். மாறாக, ரயில் சானடோரியத்தில் நின்று கிளம்பும் அந்த அரை நிமிடம் மூக்கைப் பொத்திக்கொண்டவர்கள் நம்மில் இருந்தார்கள். நோயாளிக்கு அறை வாடகைக்குக் கொடுக்க மறுத்தவர்களும் நாமே. 2020 ஏப்ரலில் கொரோனாவில் இறந்த மூளை நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. அது நடந்தது வேறு வட்டாரம். ஆனால் அந்தப் பயத்தை வளர்த்தெடுத்ததில் எந்த வட்டாரத்துக்கும் பங்கில்லாமல் இல்லை.

கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

நூறு ஆண்டு பொது சுகாதார வரலாற்றைப் பெருமையோடு சொல்லும்போது ஒரு பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போகிறோம். மெட்ராஸின் சுகாதாரம் மணல் வடிகட்டியால் மட்டும் நடக்கவில்லை. தலையில் மலக்கூடை சுமந்த மனிதர்களால் நடந்தது. ஒரு சாதியில் பிறந்ததற்காகவே அந்த வேலை அவர்கள் மேல் விழுந்தது. சட்டம் 2013இல் கையால் மலம் அள்ளுவதை மறுபடி ஒருமுறை கடுமையாகத் தடை செய்தது. அதன்பிறகும் செப்டிக் டேங்கிலும் சாக்கடையிலும் இறங்கி இறந்தவர்களின் கணக்கில் தமிழ்நாடு நாட்டிலேயே முன்வரிசையில் நிற்கிறது. இறங்கச் சொன்னது பெரும்பாலும் அரசு அல்ல. வீட்டுக்காரர்கள், கடைக்காரர்கள், ஓட்டல்காரர்கள். லாரி வர நாளாகும், ஆள் இறங்கினால் ஐந்நூறு ரூபாயில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டவர்கள்.

கொசு மருந்து ஊற்ற வருகிற பெண்களிடமும் நம் குணம் தெரிகிறது. தினக்கூலிக்கு வேலை பார்க்கிறவர்கள். தொட்டியையும் டிரம்மையும் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரையும் அவர்கள் பார்க்க வேண்டும். டெங்குக் கொசுவும் நகரத்து மலேரியாக் கொசுவும் முட்டையிடுவது சாக்கடையில் அல்ல. நம் வீட்டில் தேங்கும் நல்ல தண்ணீரில், மூடியில்லாத மேல்நிலைத் தொட்டியில். கேட்டுக்கு வெளியே நிற்கவைத்து, "எங்க வீட்டுல எல்லாம் சுத்தமா இருக்கு, கையெழுத்து போட்டுட்டுப் போங்கம்மா" என்று அனுப்பிவிடுகிறோம். அடுத்த வாரம் பையனுக்குக் காய்ச்சல் வந்தால், இந்தப் பக்கம் ஒருத்தரும் மருந்தே அடிப்பதில்லை என்று புகார் எழுதுகிறோம்.

நமக்குச் சாக்கு இல்லை

இதெல்லாம் ஒரு தனிமனிதனால் ஆகாது, ஊர் கூடினால்தான் ஆகும் என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. அந்தச் சாக்குக்கான பதில் நம் ஊரிலேயே இருக்கிறது. 1994இல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்ரமணியன் தலைமையில் சில பெண்கள் மகளிர் மன்றமாகக் கூடி, தங்கள் தெருக் குப்பையைத் தாங்களே வாங்கிப் பிரித்து உரமாக்கத் தொடங்கினார்கள். பதவியோ பட்ஜெட்டோ இல்லை. அந்த முயற்சி வளர்ந்து எக்ஸ்னோரா கிரீன் பம்மல் என்ற பெயரில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் போனது. வெளிமாநிலத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நாம் வண்டி வந்தால் போட்டோம். வராத நாள் மூலைக் குப்பைமேட்டில் எறிந்தோம். வீட்டில் பிரித்துக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்ட ஒரே ஒரு வேலையை இன்றுவரை முழுதாகச் செய்யவில்லை. பாழாய்க் கிடந்த சூரியம்மன் கோயில் குளத்தைச் சீரமைத்தவர்களும் ஊர்க்காரர்கள்தான். முடியும் என்பதற்கு அந்தக் குளமே சாட்சி.

அரசு வாய்ப்பே தரவில்லை என்றும் சொல்ல முடியாது. 2022 நவம்பர் 1ஆம் தேதி, உள்ளாட்சி நாளில், தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் முதன்முறையாக நடந்தபோது, முதலமைச்சர் வந்து உட்கார்ந்தது பம்மலில் நடந்த கூட்டத்தில். அன்று இடம் கொள்ளாத கூட்டம். செல்ஃபி எடுத்தோம், மனு கொடுத்தோம். முதலமைச்சர் வராத கூட்டங்களில் நம் நாற்காலிகள் எப்படி இருந்தன என்று நமக்கே தெரியும். கிராமத்து மக்களுக்குக் கிராம சபை கிடைத்தபோது, எங்களுக்கு அப்படி ஒன்று இல்லையே என்று வருத்தப்பட்டவர்கள் நாம். கிடைத்ததும் வீட்டில் உட்கார்ந்து வாட்ஸ்ஆப் குழுவில் குழாய்ப் படம் போட்டோம்.

வருமானம் பெருகப் பெருகப் பொதுவானது எதுவும் நமக்குத் தேவைப்படாது என்ற ஒரு நம்பிக்கை நம்மிடம் வளர்ந்துவிட்டது. அரசுப் பள்ளியை விட்டோம், அரசு ஆஸ்பத்திரியை விட்டோம், அரசுத் தண்ணீரையும் விட்டோம். விட்ட இடங்களில் ஏழைகள் மட்டும் மிஞ்சினார்கள். ஏழைகள் மட்டும் மிஞ்சிய இடத்தை எந்த அரசும் கவனிக்காது என்பது அரசியலின் பாலபாடம். அங்கே நின்று கேள்வி கேட்கத் தெரிந்தவர்களெல்லாம் கேனோடு போய்விட்டோம். ஆர்.ஓ. எந்திரம் காற்றில் வரும் காசத்தைத் தடுக்காது. கேன் தண்ணீர் கொசுவை நிறுத்தாது. வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பால் போடும் பையன், பள்ளி வேன், காய்கறிக் கூடை எல்லாம் மலைமேட்டையும் நாகல்கேணியையும் நம் வீட்டோடு தினமும் இணைக்கின்றன.

செய்யவேண்டியவை எதுவும் பெரிய வேலை இல்லை. தெருக்குழாயில் நேராக மாட்டிய மோட்டாரை இன்றே கழற்றுங்கள். ஒரு தெரு சேர்ந்து கழற்றினால் தண்ணீரும் எல்லோருக்கும் ஏறும், சாக்கடையும் உள்ளே வராது. செப்டிக் டேங்கிலிருந்து வடிகாலுக்குப் போகும் குழாயை அடைத்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று சோதிக்கும் சின்னக் கருவியைச் சங்கத்துக்கு ஒன்று வாங்குங்கள். வாரம் ஒருமுறை கடைக்கோடி வீட்டில் பாருங்கள், அளவைப் பலகையில் எழுதுங்கள், குறைந்தால் வார்டு அலுவலகத்துக்குக் கூட்டமாகப் போங்கள். கொசு மருந்துக்காரரைக் கேட்டுக்கு உள்ளே விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுங்கள். மலக்குழிக்குள் ஆளை இறக்காதீர்கள், இறக்குகிறவரைத் தடுங்கள். இரண்டு வாரம் இருமினால் சளியைக் கொடுத்துச் சோதியுங்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் மாத்திரை சாப்பிட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல், வாரம் ஒரு அட்டை முட்டை கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்கு வாருங்கள். தண்ணீர் சோதனை அறிக்கையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், அதில் மலைமேட்டின் குழாயும் நாகல்கேணியின் குழாயும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், அவற்றைச் சேர்க்கும்வரை எழுந்து போகாதீர்கள்.